ஏழாம் நம்பர் டோக்கன்

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். ஒரு கருவி கோளாறு செய்தால் முதலில் என்ன செய்வீர்கள்? ஸ்விட்சை அணைத்து, பத்து எண்ணிவிட்டு, மறுபடி போடுவீர்கள். நானும் வேலை பார்த்த காலமெல்லாம் அப்படித்தான் செய்தேன். வாடிக்கையாளர் போன் செய்தால் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை அதுதான். முக்கால்வாசி நேரம் சரியாகிவிடும். நமக்கும் கெட்டிக்காரி என்ற பெயர் சுலபமாகக் கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தால் ஒரு மத்தியானம் ஒரு பெண்ணைக் கொன்றிருப்பேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். காபி ஆறுவதற்குள் முடியாது, குடித்துவிட்டே கேளுங்கள்.

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைகள் இருந்த ஒரு தெருவின் கோடியில் எங்கள் யூனிட் இருந்தது. தொண்ணூறுகளில் மொட்டை மாடி டிவி ஆண்டெனா செய்து பிழைத்தோம். கேபிள் வந்து வாயில் மண்ணைப் போட்டது. அப்புறம் இதைச் செய்து, அதைச் செய்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு இந்தச் சிப் இல்லாத டோக்கனில் வந்து நின்றோம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்திருக்க வேண்டியவள் நான். எங்கள் தேவாலயப் பங்கில் பாதிப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். செம்புத் தகடும் கோடுகளும் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டேன்.

சிப் உள்ள அட்டை தன் நம்பரைத் தானே சொல்லும். நம்முடையது ஊமை. ஒரு சிறு தகட்டில் வளைத்து வளைத்துப் போட்ட செம்புக் கோடுதான் அதில் இருப்பது எல்லாம். எதிரே இருக்கும் ஆண்டெனா பல அலைவரிசைகளை அனுப்பும். ஒவ்வொரு டோக்கனும் தனக்கென்று வைத்த இரண்டு அலைவரிசைகளை மட்டும் விழுங்கிவிடும். பந்தியில் ஒருவர் கத்தரிக்காயையே கேட்டு வாங்குவார், இன்னொருவர் அவியலையே காலி செய்வார். எந்த வெஞ்சனம் குறைந்திருக்கிறது என்று பார்த்தால் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிடலாம் இல்லையா? அதே விஷயம்தான்.

ஆனால் குறைந்தது எவ்வளவு என்று தெரிய, முதலில் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். அதனால் எதிரே டோக்கன் எதுவும் இல்லாதபோது பெட்டி ஒரு தடவை அளந்து நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் காலி அளவு. அதன் பிறகு வருகிற எல்லாவற்றிலும் இந்தக் காலி அளவைக் கழித்துப் பார்க்கும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

வடமதுரைப் பக்கம் ஒரு மக்காச்சோளக் குடோன். வண்டு விழாமல் இருக்க அவ்வப்போது மருந்து வைப்பார்கள். மருந்து என்றால் மாத்திரை. உள்ளே அங்கங்கே வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, சந்துகளில் எல்லாம் பசை தடவிக் காகிதம் ஒட்டிவிட வேண்டும். ஒரு மணி நேரம் போல் ஆனதும் மாத்திரையிலிருந்து விஷக் காற்று கிளம்பும். ஐந்து நாளைக்கு யாரும் திறக்கக் கூடாது. உள்ளே மனிதர் யாராவது அகப்பட்டால் பிழைக்க வழியில்லை. அந்தக் காற்று செம்பையே அரிக்கும். குடோனுக்குள் இருந்த மின் கருவிகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் செத்ததைப் பார்த்த முதலாளி, சிப் எதுவும் இல்லாத டோக்கன் வேண்டும் என்று எங்களிடம் வந்தார்.

நாங்கள் செய்து கொடுத்தது இதுதான். ஆளுக்கொரு டோக்கன், தீப்பெட்டி அளவு, மேலே பிளாஸ்டிக் உறை. குடோனுக்கு வெளியே வாசல் சுவரில் ஒரு பலகை, பன்னிரண்டு ஆணி. உள்ளே போகிறவர் டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் அதை முந்தானையில் முடிந்து வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். பலகைக்கு எதிரே எங்கள் பெட்டி. அதில் பன்னிரண்டு சிவப்பு விளக்குகள். எந்த டோக்கன் தொங்குகிறதோ அந்த நம்பர் எரியும். பலகை வெறுமையாகி, ஒரு விளக்கும் எரியாமல் இருந்தால்தான் மருந்துக்காரர் கதவில் காகிதம் ஒட்டலாம். முதலாளி போட்ட சட்டம் அது, நல்ல சட்டம்.

அந்தப் பெட்டியில் நான் இரண்டு சோம்பேறித்தனம் செய்திருந்தேன். சிறிதாகச் செய்வதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. டோக்கன்களை அவ்வளவு குட்டியாக்கி நெருக்கமாக மாட்டியதில் பக்கத்து டோக்கன்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்தன. டோக்கன் விழுங்கியதால் அளவுக் கோட்டில் பள்ளம் விழ வேண்டிய இடத்தில் சில சமயம் மேடு வந்தது. உட்கார்ந்து சரிசெய்ய இரண்டு மாதம் ஆகும். நான் என்ன செய்தேன் என்றால், பள்ளமோ மேடோ, காலி அளவிலிருந்து வித்தியாசம் இருந்தால் விளக்கை எரி என்று எழுதிவிட்டேன். இரண்டாவது, பெட்டிக்குக் கரண்ட் வந்தவுடன் அது தானாகவே காலி அளவை எடுத்துக்கொள்ளும். காலையில் கதவு திறப்பதற்கு முன்னால்தானே பெட்டியைப் போடுவார்கள், பலகை காலியாகத்தானே இருக்கும்? உள்ளே பேட்டரி வைத்தால் பெட்டி பெரிதாகும் என்று அதையும் விட்டுவிட்டேன். தினமும் மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த ஊரில் உட்கார்ந்து இதை எழுதினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இனி அந்த மத்தியானம். குடோன் மேஸ்திரி சவரிமுத்து எனக்குப் போன் செய்தார். தைரியசாலி, லாரி டிரைவர்களையே அதட்டுகிற ஆள். அன்றைக்குக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

"மேடம், பொட்டியில ஏழு எரியுது."

"ஏழாம் நம்பர்க்காரர் உள்ளே இருக்கிறாரா, கூப்பிடுங்கள்."

"ஏழாம் நம்பர்க்காரன் இல்ல மேடம். பலகையில ஒன்னுமே இல்ல. அம்புட்டு பேரும் வேன்ல ஏறிப் போயிட்டாக. மருந்து வச்சாச்சு. ஏழு மட்டும் எரியுது."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள், போய்விடும்."

"நான் அதத் தொட மாட்டேன் மேடம். நீங்களே வாங்க" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு ஸ்விட்சைத் தட்ட இத்தனை தூரம் வர வேண்டுமா? லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். திருச்சி ரோட்டில் அனல் முகத்தில் அடித்தது. போகிற வழியெல்லாம் சவரிமுத்துவைத் திட்டிக்கொண்டே போனேன்.

குடோன் வாசலில் ஈ காக்கை இல்லை. சோளத் தூசி மட்டும் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. பெரிய தகரக் கதவு சாத்தியிருந்தது, பாதிச் சந்துகளில் காகிதம் ஒட்டியாகிவிட்டது. மருந்துக்காரர் பசை வாளியோடு நின்றார். சவரிமுத்து பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி, அதற்கு முதுகு காட்டாமல் நின்றிருந்தார். பலகையில் பன்னிரண்டு ஆணிகளும் வெறுமையாக இருந்தன. அதற்கு எதிரே ஏழு என்ற விளக்கு, மினுங்காமல், சீராக, சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"ஏழு யாருடையது?" என்றேன்.

"மாரியப்பனோடது மேடம். போன தையில பஸ்ஸுல அடிபட்டுச் செத்துப் போனான்ல, அவனோடது. அதுக்கப்புறம் யாரும் அந்த நம்பர எடுத்துக்கல. சும்மாதான் அந்தா, கதவுக்கிட்ட சாவி மாட்டுற ஆணியில கெடந்துச்சு." சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மருந்துக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "மேடம், நான் உள்ள நடந்து பாத்துட்டுத்தான் வந்தேன், ஒரு ஆள் இல்ல. மாத்திரை வச்சு முக்கா மணி நேரமாச்சு. பொட்டிய அணைச்சு விடுங்க, நான் மிச்சத்த ஒட்டிட்டு அடுத்த குடோனுக்குப் போகணும்."

வருகைப் பதிவைக் கேட்டேன். அன்றைக்கு வந்தது பத்துப் பேர். பத்துப் பேரும் வேனில் ஏறியதைச் சவரிமுத்து கண்ணால் பார்த்திருக்கிறார். உள்ளே ஆள் இல்லை, வெளியே டோக்கன் இல்லை. அப்படியானால் கோளாறு பெட்டியில்தான். என் கை ஸ்விட்சின் மேல் போய்விட்டது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், என் விரல் அதன் மேல் இருந்தது. அணைத்துப் போட்டிருந்தால் பெட்டி அந்த வெறும் பலகையைக் காலி அளவாக எடுத்துக்கொண்டிருக்கும். ஏழு அணைந்திருக்கும். மருந்துக்காரர் ஒட்டிவிட்டுப் போயிருப்பார். நான் சவரிமுத்துவைக் கிண்டல் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, தெம்பாக ஒரு பிரியாணி சாப்பிட்டிருப்பேன்.

என்னைத் தடுத்தது அறிவு என்று சொன்னால் பொய். சவரிமுத்துவின் முகத்தைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. இந்த ஆளுக்கு ஒன்றுமில்லை என்று நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பில் லேப்டாப்பை எடுத்துப் பெட்டியில் செருகினேன்.

திரையில் கோடு வந்தது. ஏழாம் நம்பருக்குரிய இரண்டு இடங்களும் எனக்கு மனப்பாடம். டோக்கன் தொங்கினால் அங்கே இரண்டு பள்ளம் விழும். பழுது என்றால் கோடு முழுக்கத் தாறுமாறாக இருக்கும். நான் பார்த்தது இரண்டும் இல்லை. அதே இரண்டு இடங்களில், அதே அகலத்தில், அதே உயரத்தில், இரண்டு மேடுகள். பள்ளத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. பக்கத்து டோக்கன் செய்த தொந்தரவு என்று சொல்லவும் வழியில்லை, பக்கத்தில் டோக்கனே இல்லை. எதுவுமே தொங்காத பலகையிலிருந்து ஏழாம் நம்பர் டோக்கன் தலைகீழாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செத்துப்போனவரின் நம்பர் என்று சொன்னார்களே, ஒரு கணம் நானும் நம்பினேன். படித்தவள்தான், இருந்தும் நம்பினேன். அப்புறம்தான் மூளை நகர்ந்தது. எது நடந்தால் மேடு வரும்? இல்லாத ஒன்றால் மேடு வராது. காலி அளவு எடுத்தபோது அங்கே இருந்து, பிறகு எடுக்கப்பட்ட ஒன்றால்தான் வரும்.

"இன்றைக்குக் கரண்ட் போனதா?"

"பத்து மணிக்குப் போச்சு, பதினொன்னுக்கு வந்துச்சு. எல்லாரும் டீக்கு வெளிய வந்திருந்தாகளாம்."

"கரண்ட் வந்தபோது பலகையில் ஏழு தொங்கியிருக்கிறது. யார் எடுத்தது?"

சவரிமுத்து வேட்டி மடிப்பை அவிழ்த்தார். ஏழாம் நம்பர் டோக்கன் அதற்குள் இருந்தது.

"சத்தியமா நான் மாட்டல மேடம். காலையில லாரியோட எடை மேடைக்குப் போயிட்டேன். மத்தியானம் வந்து பலகையப் பாத்தா ஏழு தொங்குது. பொட்டியில ஒரு வெளக்கும் எரியல. எவனோ வெளையாடுறான்னு கழட்டுனேன். கழட்டுன நிமிசம் ஏழு எரிஞ்சுச்சு. திரும்ப மாட்டுனேன், அணைஞ்சு போச்சு. எடுத்தா எரியுது, மாட்டுனா அணையுது. மாரியப்பன்தான் என் டோக்கன எடுக்காதடாங்குறான்னு..."

நான் டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டினேன். விளக்கு அணைந்தது. எடுத்தேன். எரிந்தது. பெட்டியில் பேயும் இல்லை, பழுதும் இல்லை. பதினோரு மணிக்கு முன்னால் யாரோ ஒருவர் ஏழை மாட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறார். அவர் வெளியே வந்து அதை எடுக்கவில்லை. எடுத்தது மேஸ்திரி.

"கதவைத் திறங்கள்" என்றேன்.

"மேடம், பத்துப் பேரும்..." என்று மருந்துக்காரர் ஆரம்பித்தார்.

"பதினோராவது ஆள் உள்ளே இருக்கிறார். திறங்கள்!"

ஒட்டிய காகிதத்தைக் கிழித்துக் கதவைத் தள்ளினோம். பூண்டு அழுகினால் வருமே, அப்படி ஒரு வாடை இலேசாக வர ஆரம்பித்திருந்தது. மருந்துக்காரர் முகமூடியை மாட்டிக்கொண்டு, முதல் வேலையாக மாத்திரைத் தட்டுகளை எடுக்க ஓடினார். வெளிச்சம் மூன்றாவது மூட்டை வரிசையோடு நின்றுவிட்டது, அதற்கப்பால் கும்மிருட்டு. கூப்பிட வேண்டும். யாரைக் கூப்பிடுவது? எங்களிடம் இருந்தது ஒரு நம்பர்தான். அந்த நம்பருக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும்.

சவரிமுத்து துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்று, அழுகிற குரலில் கத்தினார். "ஏலே மாரியப்பா! மாரியப்பா!"

குடோன் அந்தப் பெயரை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அப்புறம், கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து, மெலிதாக ஒரு பெண் குரல் வந்தது.

"ஏனுங்க... யாருங்க?"

சவரிமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்றுதான் சொல்ல வந்தேன், ஆனால் அவர் உட்காரவில்லை. செத்தவனின் பெயருக்குப் பதில் வந்த அந்த இருட்டுக்குள் அவர் ஓடினார். சற்று நேரத்தில் ஒரு பெண்ணைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். முடியெல்லாம் சோளத் தூசி, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மருந்து நெடியில் இருமினாள். வேப்பமரத்து நிழலில் படுக்க வைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு நாளில் நன்றாகிவிட்டாள்.

பெயர் செல்வி. நெய்க்காரப்பட்டிக்காரி. வடமதுரையில் கட்டிக்கொடுத்த அக்கா ராசாத்தி இந்தக் குடோனில் சோளம் சலிக்கிற வேலை பார்த்தாள். அன்றைக்கு அக்காவுக்கு முடியாமல் போக, வேலை போய்விடக் கூடாதே என்று தங்கை வந்திருக்கிறாள். அதற்குள் பேர் கூப்பிட்டு முடிந்து மேஸ்திரியும் எடை மேடைக்குப் போய்விட்டார். அக்காவின் டோக்கன் அக்காவின் முந்தானையில், வீட்டில். மற்றவர்கள் மாட்டுவதைப் பார்த்து, சாவி ஆணியில் சும்மா கிடந்த ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறாள். வெளியூர்க்காரி, அது யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? டீ நேரத்தில் எல்லோரும் வெளியே போக, காய்ச்சல் தாங்காமல் கடைசி வரிசைக்குப் பின்னால் போய்ச் சாக்கை விரித்துச் செத்த நேரம் தலையைச் சாய்த்திருக்கிறாள். மற்ற பெண்கள், காய்ச்சல் என்றாளே, வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்து வேனில் ஏறிவிட்டார்கள். மருந்துக்காரர் நடந்த வழியிலிருந்து பார்த்தால் அந்த மூலை தெரியாது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, என்னைத் தவிர.

பெட்டியை மாற்றினேன். பேட்டரி வைத்தேன், அசிங்கமாகப் பெரிதாயிற்று, போகட்டும். அப்படியும் கரண்ட் செத்து மறுபடி வந்தால் பன்னிரண்டு விளக்கும் எரியும். ஒரு ஆள் உள்ளே கடைசி வரிசை வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, சாவி போட்டுத் திருகினால்தான் அது காலி அளவையே எடுக்கும். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். எந்த இடத்தையும் காலி என்று கருவிக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். கருவி உளறினால் அணைக்காதீர்கள். எந்த உண்மை இப்படி ஒரு உளறலை உண்டாக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சவரிமுத்துவைப் பேய்க்குப் பயந்தவர் என்று குடோனில் ரொம்ப நாள் கேலி செய்தார்கள். நான் போனில் சொன்னதை அவர் தைரியமாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களுக்கு நான் விளக்கவில்லை. விளக்கினால் என் பெயர் கெடும். அவ்வளவு நல்லவளாக இருந்திருக்கிறேன்.

புதுப் பெட்டியை மாட்டப் போன அன்றைக்குச் செல்வி அக்காவோடு வந்திருந்தாள். கழற்றி ஓரமாக வைத்திருந்த பழைய பெட்டிக்கு முன்னால் குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நான் போயிக் கண்ணு மூடிக் கெடந்தப்ப இதுதானுங்க என்னையப் பாத்துக்கிட்டே இருந்துச்சு" என்றாள். "ஆமாம்மா" என்றேன். சவரிமுத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெட்டி அவளைப் பார்க்கவே இல்லை. அவள் உள்ளே இருந்த குடோனைத்தான் அது காலி என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அப்படிச் செய்யும்படி எழுதியது என் கை. இத்தனை வருடத்தில் அவளிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.